சோர்வும் அதிகாரமும்

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல் நம்மிடையே லேகிய விளம்பரங்களின் சொல்லாகிச் சீரழிந்துவிட்டது. பஸ் நிலையச் சுவர்களிலும் பத்திரிகைகளின் பின்பக்கங்களிலும் ஆண்மைக் குறைவுக்கு இடக்கரடக்கலாக நிற்கிறது. நியூராஸ்தீனியா என்ற மேல்நாட்டு வைத்தியச் சொல்லுக்கு நேர்ப்பொருளும் இதுவே. அந்தச் சொல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுச் சரித்திரம் உண்டு. தீராத களைப்புக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த வாழ்க்கை மாற்றங்களின் சரித்திரம் அது. உணவு, உறக்கம், நடை, ஓய்வு என்ற பட்டியல் இத்தனை காலத்தில் பெரிதாக மாறிவிடவில்லை. நோயாளிக்குத் தன் பொழுதின் மேல் எவ்வளவு பிடி இருந்தது என்பதே பலன் எப்படி அமையும் என்பதைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

1869ல் அமெரிக்காவில் இரண்டு டாக்டர்கள் தனித்தனியே இந்தச் சொல்லைக் கையாண்டார்கள். ஒருவர் மிச்சிகன் மாநிலத்தில் கலமஸூ மனநோய் விடுதியின் தலைவர் வான் டியூஸன். அவர் கண்டது பண்ணை வீடுகளின் பெண்களை. அக்கம்பக்கம் இல்லாத தனிமையிலும் மனம் ஈடுபட எதுவுமற்ற வேலையிலும் ஓய்ந்துபோனவர்கள் அவர்கள். மற்றவர் நியூயார்க் நரம்பு வைத்தியர் ஜார்ஜ் மில்லர் பியர்ட். அவரிடம் வந்தவர்கள் வியாபாரிகள், நகரத்து மேல்தட்டு மாதர்கள். சரித்திரம் பியர்டை வைத்துக்கொண்டது. வான் டியூஸனையும் அந்தப் பண்ணைப் பெண்களையும் மறந்துவிட்டது. இது தற்செயல் அல்ல.

பியர்டின் கொள்கை நோயாளிக்கு இதமானது. 1881ல் வெளிவந்த 'அமெரிக்கன் நெர்வஸ்னஸ்' என்ற நூலில் அவர் ஐந்து காரணங்களைச் சொன்னார்: நீராவி, பத்திரிகை, தந்தி, விஞ்ஞானம், பெண்களின் அறிவு முயற்சி. கடிகாரமும் நேரந்தவறாமையும்கூட அவர் பார்வையில் குற்றவாளிகளே. எடிசனின் மின்விளக்கு புதிதாக இருந்த காலம் அது. ஒரு மின்சுற்றில் விளக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லா விளக்குகளும் மங்குவதுபோல், நாகரிகம் சுமத்தும் காரியங்களால் நரம்பின் சக்தி வற்றுகிறது என்றார். ஆகவே களைத்துப்போவது முன்னேறிய ஜாதியின் அடையாளம், மூளையால் உழைப்பவனின் நோய். உடம்பால் உழைப்பவனுக்கு அது அநேகமாக வராது. பியர்டின் காலத்துக்குப் பிறகு, பகல் முழுவதும் மூட்டை சுமந்தவன் வெறுமனே களைத்தான். கணக்குப் புத்தகம் பார்த்தவனுக்கு நியூராஸ்தீனியா வந்தது. களைப்பு ஒரு அந்தஸ்தாகிவிட்டது. பியர்ட் 1883ல் 43வது வயதில் காலமானார்.

சிகிச்சையை நிலைநாட்டியவர் பிலடெல்பியாவின் ஸைலஸ் வீர் மிட்செல். உள்நாட்டுப் போரில் நரம்பு அறுபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துப் பேர் பெற்றவர். கவிதையும் நாவலும்கூட எழுதியவர். 1877ல் வந்த 'ஃபாட் அண்ட் பிளட்' என்ற அவருடைய புத்தகம், 'கொழுப்பும் ரத்தமும்', படுக்கைச் சிகிச்சையை விவரிக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை. குடும்பத்தார் முகம் பார்க்கக் கூடாது. ஆரம்பத்தில் எழுந்து உட்கார, தைக்க, எழுத, படிக்க எதற்கும் அனுமதியில்லை. உணவை நர்ஸ் ஊட்டுவாள். பால், பிறகு மேலும் மேலும் ஆகாரம். அசையாத தசைகளுக்கு அசைவு தர உடம்பு பிடித்துவிடுதலும் மின்சாரமும். இது பெரும்பாலும் பெண்களுக்கு.

ஆண்களுக்கு வேறு சீட்டு. ஓவன் விஸ்டர் என்ற இளைஞர் 1885ல் உடல்நலம் குன்றியபோது மிட்செல் அவரை மேற்கே வையோமிங்குக்கு அனுப்பினார். குதிரை, வேட்டை, வெட்டவெளி. கண்டதையெல்லாம் எழுதி வைக்கத் தடையில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் 1902ல் 'தி வர்ஜீனியன்' என்ற நாவல் பிறந்தது. ஒரே டாக்டர், களைப்பு என்ற ஒரே புகார். ஆணுக்கு உலகம் மருந்து, பெண்ணுக்கு உலகம் நஞ்சு.

1887ல் மிட்செலிடம் சிகிச்சைக்கு வந்தவர் ஷார்லட் பெர்க்கின்ஸ் ஸ்டெட்ஸன். பின்னாளில் கில்மன் என்று அறியப்பட்டவர். 1885ல் மகள் பிறந்ததிலிருந்தே கடும் சோர்விலும் துயரத்திலும் இருந்தார். ஒரு மாதத்துக்குப் பின் குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கூடியமட்டும் குடும்ப வாழ்க்கை, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறிவு வேலை கூடாது, ஆயுள் உள்ளவரை பேனாவையோ தூரிகையையோ தொடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதைச் சில மாதங்கள் கடைப்பிடித்துச் சித்தப்பிரமையின் விளிம்புவரை போனதாக 1913ல் எழுதினார். 1888ல் கணவரைப் பிரிந்து, மகளுடன் கலிபோர்னியாவின் பாஸடீனாவுக்குப் போனார். எழுதினார், பேசினார், சம்பாதித்தார். 'தி யெல்லோ வால்பேப்பர்' 1892ல் வந்தது. பெண்ணின் பொருளாதார அடிமைத்தனம் பற்றிய நூல் 1898ல்.

இந்தக் கதையை விடுதலைக் கதையாக மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கில்மன் பூரணமாகக் குணமடையவில்லை. நீண்ட நேரம் படிக்க முடியாமை, திடீரென்று மூளை நின்றுபோவது போன்ற சோர்வு ஆகியவை ஆயுள் முழுக்கத் தொடர்ந்ததாகத் தன் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் முடிந்த நாளில் எழுதி, முடியாத நாளில் படுத்துக்கிடந்து, ஒரு வாழ்க்கைக்குரிய வேலையைச் செய்து முடித்தார். மிட்செல் அவர் பழக்கங்களை மாற்றினார். அவர் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். படுக்கை இரண்டிலும் உண்டு. எப்போது எழுந்திருப்பது என்று தீர்மானித்தது யார் என்பதில்தான் வித்தியாசம்.

ஜப்பானில் மோரிடா மஸடகே இதே நோய்க்கு 1919 வாக்கில் வகுத்த முறையும் ஏறக்குறைய ஒரு வாரப் படுக்கையில்தான் தொடங்குகிறது. பிறகு தோட்டத்தில் சிறு வேலை, அப்புறம் கடின வேலை, கடைசியாக வெளியுலகம். களைப்பு தீரட்டும், பிறகு வாழலாம் என்று காத்திராதே, களைப்பை உடன் வைத்துக்கொண்டே கையில் உள்ள காரியத்தைச் செய் என்பது அதன் சாரம். மிட்செலின் படுக்கை பணியவைக்கிறது. மோரிடாவின் படுக்கையில் நோயாளிக்குச் சலிப்புத் தட்டி, வேலைக்கான விருப்பம் உள்ளிருந்தே எழும்புகிறது. படுக்கை ஒன்றுதான், அது கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் வேறு.

சீனாவில் இந்தச் சொல்லுக்கு அரசியல் ஆயுள் கிடைத்தது. அமெரிக்க மனநோய்ப் பட்டியல் 1980ல் நியூராஸ்தீனியாவைக் கைவிட்ட அதே வருஷத்தில், ஆர்தர் க்ளைன்மன் ஹூனான் மாநிலத்துச் சாங்ஷாவில் அந்த நோய் என்று குறிக்கப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார். 87 பேருக்கு மேல்நாட்டு அளவைப்படி கடுமையான மனச்சோர்வு இருந்தது. ஆனால் கலாச்சாரப் புரட்சியைக் கடந்து வந்த நாட்டில் மனம் சோர்ந்துவிட்டது என்று சொல்வது ஆபத்து. கொள்கையில் நம்பிக்கை இழந்துவிட்டதாக அர்த்தமாகிவிடும். நரம்பு தளர்ந்தது என்று சொல்வதில் குற்றமில்லை. வேலை மாற்றம் கேட்கவும் அது உதவியது. மருந்து பலருடைய உபாதைகளைக் குறைத்தது. ஆனால் வேலையிலும் குடும்பத்திலும் இருந்த சிக்கல் தீராதவர்களிடம் நோய் தங்கிவிட்டது.

'பர்ன்-அவுட்' என்ற பெயர் வேறு வழியில் வந்தது. 1974ல் நியூயார்க்கின் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் எழுதிய கட்டுரை, இலவச வைத்திய சாலைகளின் தொண்டர்களைப் பற்றியது. அவரும் பகலில் தொழில் பார்த்துவிட்டு இரவில் அங்கே உழைத்து எரிந்துபோனவர்தான். அவர் சொன்ன பரிகாரங்கள் பெரும்பாலும் ஸ்தாபனத்துக்கானவை: ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அதே கடின வேலைக்கு அனுப்பாதே, மணி நேரத்துக்கு வரம்பு வை, விடுப்புக் கொடு. 1980ல் அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் உபதலைப்போ, உயர்ந்த சாதனைக்குக் கொடுக்கும் உயர்ந்த விலை என்று பேசுகிறது. ஆறே வருஷத்தில் தொண்டன் மறைந்து சாதனையாளன் வந்துவிட்டான். பியர்ட் திரும்பிவிட்டார். 2019ல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்-அவுட்டை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வரையறுத்தது. ஆனால் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லி நிர்வாகம் அனுப்பும் சுற்றறிக்கை தொழிலாளிக்குத்தான் வருகிறது; வேலைப் பளுவுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வருவதில்லை.

மறு பக்கமும் உண்டு. மனத்தால் வெல்ல முடியாத களைப்பு இருக்கிறது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் டாஹோ ஏரியருகே பலர் ஒரே சமயத்தில் விழுந்த பிறகு, 1988ல் 'நாட்பட்ட சோர்வு நோய்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். சிறு உழைப்பே நாட்கணக்கில் படுக்கையில் தள்ளுவது அதன் அடையாளம். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் குணமாகும் என்று 2011ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் நிலை மோசமாகிறது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021ல் அந்நாட்டின் அதிகாரபூர்வ வழிகாட்டி அச்சிகிச்சையைக் கைவிட்டது. படுத்தே கிட என்ற உத்தரவும் எழுந்து நட என்ற உத்தரவும் ஒரே தவறைச் செய்தன. உடம்புக்குச் சொந்தக்காரர் சொன்னதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்ல உறக்கமும் நடையும் ஒழுங்கான ஆகாரமும் பலருக்கு உதவும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேளைக்குத் தூங்க, வேளை ஒருவனுடைய கையில் இருக்க வேண்டும்.

எழுத்தாளர்களான நம்மிடமும் பியர்டின் நிழல் இருக்கிறது. நம் சோர்வை நுண்ணுணர்வின் அத்தாட்சியாகப் பாவிக்கிறோம். ஆபீஸ் முடிந்து நள்ளிரவுவரை எழுதிக் கண் சிவந்தவனைப் பற்றி நினைவுக் கட்டுரைகள் வருகின்றன. அதே வீட்டில் அவனுக்கு முன் எழுந்து, அவனுக்குப் பின் படுத்தவளின் களைப்புக்கு நம் இலக்கியம் இன்னும் பெயர் வைக்கவில்லை. வான் டியூஸனின் பண்ணைப் பெண்களைப் போலவே, அவளும் எங்கோ ஒரு பழைய வைத்தியக் குறிப்பில் கிடக்கிறாள்.