மேடை ஏறிய பேயும் எமனும்

பேய் என்றால் சிலருக்குப் பயம், சிலருக்குச் சிரிப்பு. இரண்டும் ஒரே மேடையில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? 1887ல் லண்டனில் ஒரு நாடகக் கம்பெனி இதைச் செய்து பார்த்து மாட்டிக்கொண்டது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு நடிகர் வேறு விதமாக மாட்டிக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

முதலில் நம்ம ஊர்ப் பக்கம். கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து உண்டு. முதலில் வருபவன் கட்டியக்காரன். கோமாளித்தனம் செய்து எல்லோரையும் சிரிக்க வைப்பான். பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதன் பின்னால் கட்டை கட்டி, புஜக்கட்டை கட்டி, முகம் நிறைய அரிதாரம் பூசிய வேஷக்காரர் நிற்பார். சலங்கைச் சத்தமும் குரலும் மட்டும் கேட்கும். திரை விலகும்போது குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். சிரிப்பும் பயமும் ஒரே ராத்திரியில்!

இலக்கியத்திலும் இது புதிதில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்குத் தனி இடமே இருக்கிறது. பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி வைத்துச் சாப்பிடும். படிக்கும்போது அருவருப்பும் வரும், சிரிப்பும் வரும். அந்தக் குலோத்துங்கன் காலத்தில்தான் சிதம்பரம் கோயிலிலும் பெரிய திருப்பணிகள் நடந்தன.

சரி, இப்போது லண்டனுக்குப் போவோம். விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே நகைச்சுவை இசை நாடகங்களுக்குப் பெயர் பெற்ற ஜோடி கில்பர்ட், சல்லிவன். கில்பர்ட் வசனமும் பாட்டும் எழுதுவார், சல்லிவன் இசையமைப்பார். 1885ல் வந்த 'மிகாடோ' 672 முறை நடந்து சக்கைப்போடு போட்டது. அடுத்து 1887 ஜனவரி 22 அன்று சவாய் தியேட்டரில் 'ரடிகோர்' அரங்கேறியது.

கதை இதுதான். ஒரு ஜமீன் குடும்பத்துக்குச் சாபம். பட்டத்துக்கு வருபவன் தினமும் ஒரு குற்றம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் துடிதுடித்துச் சாவான். இப்போதைய வாரிசோ பரம சாது! ஒழுங்காகக் குற்றம் செய்கிறானா என்று விசாரிக்க, மாளிகைச் சுவரில் தொங்கும் முன்னோர்களின் படங்கள் உயிர் பெற்று இறங்கி வருகின்றன.

அந்தக் காட்சிக்காக எவ்வளவு ஏற்பாடு தெரியுமா? முழுக்க முழுக்க மின்விளக்கு போட்ட முதல் பொதுக் கட்டிடம் சவாய் தியேட்டர்தான் (1881). அங்கே விளக்கையெல்லாம் அணைத்தார்கள். இருட்டில் இசைக்குழுவுக்குத் தெரியவேண்டும் என்று உள்ளே மின்சாரத்தால் ஒளிரும் கம்பி வைத்த கண்ணாடிக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு சல்லிவன் இசையை நடத்தினார். ஆனால் முதல் நாள் படங்கள் உயிர்பெறும் காட்சி சரியாக அமையவில்லை. முடிவில் கைதட்டலோடு சேர்த்து எதிர்ப்புக் குரலும் கேட்டது.

உடனே வெட்டு, ஒட்டு வேலை ஆரம்பமானது. கடைசியில் எல்லா முன்னோர்களும் மறுபடி உயிர் பெறுவதாக இருந்ததை மாற்றி, ஒரே ஒருவர் மட்டும் உயிர் பெறுவதாக வைத்தார்கள். இன்னொரு தகராறும் இருந்தது. சல்லிவன் பேய்ப் பாட்டுக்கு நிஜமாகவே நடுங்க வைக்கும் இசை போட்டிருந்தார். சிரிப்பு நாடகத்துக்கு இவ்வளவு கனமான இசை பொருந்தவில்லை என்பது கில்பர்ட்டின் குறை. நாடகம் 288 முறை நடந்தது. கெட்ட எண்ணிக்கை இல்லை. ஆனால் இருவரும் உயிரோடு இருந்தவரை அந்தக் கம்பெனி அதை மறுபடி மேடை ஏற்றவில்லை. 1920ல்தான் மீண்டும் வந்தது.

இனி சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்தார். அதாவது 'ரடிகோர்' வந்து நாலைந்து வருடத்தில். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்கள்தான் அவருக்கு. எமன் பேய் இல்லைதான். ஆனால் நடுராத்திரியில் மேடையில் வந்து நின்றால் பேயைவிடப் பயம்!

அவரைப் பற்றி நாடக உலகில் இரண்டு சம்பவங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் கர்ஜித்து வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது என்பது ஒன்று. சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனபோது, எதிரே வந்த ஒரு பெண் பார்த்த அதிர்ச்சியிலேயே இறந்துவிட்டாள் என்பது இன்னொன்று. மனம் நொந்த சுவாமிகள் வேஷம் போடுவதையே விட்டுவிட்டு ஆசிரியராக மாறினார் என்பார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1918ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லண்டனில் மின்சாரம், இருட்டு, இயந்திரம், பெரிய இசைக்குழு எல்லாம் இருந்தது. எல்லாவற்றையும் கருவிதான் செய்து காட்டவேண்டி இருந்தது. கருவி சறுக்கியதும் பேயும் சறுக்கியது. இங்கே அரிதாரமும் குரலும் மட்டும்தான். ஆனால் எமன் கொட்டகைக்கு வருவதற்கு முன்பே ஜனங்கள் மனதில் வந்துவிட்டான். அங்கே பேய் சரியாக வரவில்லை என்று காட்சியை வெட்டினார்கள். இங்கே எமன் அளவுக்கு மீறி வந்துவிட்டான் என்று நடிகரே வேஷத்தை விட்டார்.

சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று கடலூருக்குப் பக்கத்திலேயே உள்ள புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. மேடையில் எத்தனையோ உயிர்களை எடுத்த எமன், நிஜத்தில் ஒரு உயிர் போனதாகக் கேட்டதும் தாங்க முடியாமல் வேஷத்தைக் கலைத்துவிட்டார். பயமுறுத்தத் தெரிந்தவருக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருந்தது!