வயது வரம்புக்கு வெளியே நின்ற தலைமுறை

பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் கைப்பேசியைக் கையாளத் திணறியதற்கு அவர்களுடைய தயக்கத்தையே பலரும் காரணமாகச் சுட்டுகின்றனர். நம் கல்வித் திட்டங்களின் வரலாறோ வேறொரு காரணத்தையும் காட்டுகிறது: வயது வரம்பு.

1978இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும் 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும் 15 முதல் 35 வயது வரையிலானோரையே இலக்காகக் கொண்டன. 1988இல் 36 வயதில் எழுத்தறியாதிருந்த ஒரு பெண் அந்த இலக்குக்குள் வரவில்லை. 2009இல் வந்த சாக்ஷர் பாரத் மேல்வரம்பை நீக்கியது. ஆனால் அது முதன்மையாகப் பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களுக்கே உரியது. 2017இல் பிரதம மந்திரி ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் ஆறு கோடி ஊரகக் குடும்பங்களை இலக்காக்கியது. அதன் வயது வரம்பு 14 முதல் 60. அப்பெண்ணுக்கோ அப்போது 65.

2021 மார்ச் 1 அன்று 60 வயது கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியது. கோவின் தளம், கைப்பேசி எண், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவை அவர்முன் வந்தன. நேரில் சென்று பதியும் வழியும் இருந்தது. எனினும் இணையவழிப் பதிவைக் கற்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளிடமே சேர்ந்தது. அவர்களே பதிந்துகொடுத்த இடங்களில் ஊசி கிடைத்தது, கற்றல் நிகழவில்லை. பிள்ளைகள் உடனில்லாதோருக்கு அந்த உதவியும் இல்லை.

உழைக்கும் வயதினர்க்குக் கற்பிப்பதே நாட்டுக்குப் பயன் என்ற கணக்கு இவ்வரம்புகளுக்குள் உறைந்திருக்கிறது. எழுத்தறிவை உரிமையாகக் கொண்டால் அதற்கு மேல்வரம்பு இருக்க இயலாது. எண்ம இடைவெளியை ஆராய்வோர் முதியோரின் மனத்தை அளப்பதற்கு முன், திட்ட ஆவணங்களின் தகுதி விதிகளை வாசிக்க வேண்டும்.