மணிலாவின் எழுபதுகள்

மணிலா என்ற பெயரைக் கேட்டவுடன் தென்னார்க்காட்டுப் பக்கத்தார்க்கு முதலில் நினைவில் எழுவது நிலக்கடலையே. மணிலாக்கொட்டை என்றும், அது மருவி மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்றும் அதனை வழங்கி வருகிறோம். அப்பெயரைத் தந்த நகரம் எத்திசையில் உள்ளது, அங்கு வாழ்வோர் யாவர் என்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. நானும் எண்ணிப் பார்த்தவன் அல்லேன். சில ஆண்டுகட்கு முன் நம் காலனியைச் சேர்ந்த பெண் ஒருத்தி, மருத்துவம் பயிலும் பொருட்டுப் பிலிப்பைன்ஸ் நாட்டு டாவாவ் நகருக்குச் சென்றாள். அங்கு அவள் தங்கியிருப்பது அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் இல்லத்தில். அவரை இவள் ‘லோலா’ என்று அழைக்கிறாள். அவர்கள் மொழியில் அதற்குப் பாட்டி என்பது பொருள். அந்த அம்மையார் மணிலாவின் வடபால் உள்ள கலோகான் என்னும் ஊரில், ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து வளர்ந்தவர் என்று விடுமுறைக்கு வந்தபோது அப்பெண் கூறினாள். ரயில்வேக்காரர் மகள் என்றதும் எனக்கு ஆவல் மிகுந்தது. அப்பெண்ணின் உதவியால் கைப்பேசி வாயிலாக அவரோடு பலமுறை உரையாடினேன். அவர் சொன்னவற்றையும், அதன் பின்னர் நான் படித்தறிந்த வரலாற்றுச் செய்திகளையும் சேர்த்தே இக்கட்டுரையை வரைகின்றேன்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் நாட்டின் ஆட்சியிலும், அதன்பின் அமெரிக்கர் ஆட்சியிலும், இடையே மூன்றாண்டுகள் ஜப்பானியர் பிடியிலும் இருந்து, 1946ஆம் ஆண்டு விடுதலை பெற்ற நாடு அது. நமக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று கருதிவிட வேண்டா. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்க அனுப்பிய கப்பற்படை புறப்பட்டது நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ஆகும். அப்படையோடு சென்ற சிப்பாய்களுள் சிலர் ஊர் திரும்பாமல் கயிந்தா என்னும் ஊரில் தங்கி, அந்நாட்டுப் பெண்டிரை மணந்து, அம்மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டனர். மாம்பழத்தை அவர்கள் ‘மங்கா’ என்கின்றனர். அச்சொல் நம் மாங்காயே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும் நான் எழுதப் புகுந்தது அத்துணைப் பழைய கதையன்று. 1970ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக் காலம் அந்நாட்டில் சிறுவராய் இருந்தோர் கண்ட வாழ்வையே எழுத விழைகின்றேன். இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்துவிட்ட அத்தலைமுறையினர் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் கப்பல்களிலும் சிதறி வாழ்கின்றனர். நால்வர் கூடினால் எழுபதுகளைப் பற்றிய பேச்சே எழுகிறதாம்.

முதலில் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையேல் நம் அலுவலக நண்பர்கள் என்னை மன்னியார். மணிலாவிலிருந்து வடக்கே தகூபான் வரையில் 1892இல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. பின்னர்த் தெற்கே பிக்கோல் நாட்டின் லெகாஸ்பி வரையில் அது நீண்டது. பாதையின் அகலம் 1067 மில்லி மீட்டர். நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லி மீட்டர் கூடுதல். கலோகான் பட்டறையின் சங்கு ஊதும் ஓசை கேட்டே அக்குடியிருப்பில் உலை வைப்பார்களாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்களாம். கரக்பூரில் வாழ்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அங்கும் அந்நாளில் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான். பள்ளி திறப்பது ஜூனில். விடுமுறை விட்டதும், பாஸ் எழுதி வாங்கி, குடும்பத்தோடு ‘பிக்கோல் எக்ஸ்பிரஸ்’ வண்டியில் ஏறிப் பாட்டி ஊருக்குச் செல்வது அந்த அம்மையார் வீட்டு வழக்கம். இரவெல்லாம் பயணம். நிலையந்தோறும் வாழையிலையில் பொதிந்த சோற்றையும் பலகாரங்களையும் சன்னலருகே நீட்டி விற்போர் கூட்டம். பொழுது புலர்ந்தபின் தென்னந்தோப்புகளுக்கு மேலே மாயோன் எரிமலை கோபுரம் போல் எழுந்து நிற்கும். “மாயோன் என்பது எங்கள் திருமாலின் பெயர்” என்று நான் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்தார். பெயர்கள் ஒத்தன என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை என்பதை நான் அறிவேன். எனினும் சொல்லாதிருக்க மனம் வரவில்லை.

அந்த ரயிலின் பெயரால் ஒரு குழம்பும் அங்கு உண்டு. பன்றி இறைச்சியைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துப் பச்சை மிளகாயை அள்ளிப் போட்டுச் செய்வது. பிக்கோல் நாட்டார் நம்மைப் போன்றே காரப் பிரியர். மற்றைப் பிலிப்பினோக்கள் மிளகாயைக் கண்டு அஞ்சுவார்களாம். ரயிலின் பெயரைக் குழம்புக்கு இட்டு மகிழும் மக்கள் வேறெங்கேனும் உளரோ, அறியேன்.

விளையாட்டுகளைக் கேட்டபோது எனக்கு வியப்பு மிகுந்தது. தரையில் கட்டம் கீறி ஒற்றைக் காலால் தாவும் நம் பாண்டியாட்டத்தை அவர்கள் ‘பிக்கோ’ என்கின்றனர். தகரக் குவளையைச் செருப்பால் எறிந்து வீழ்த்தும் ஆட்டம் ஒன்று. கோடு கிழித்து மறித்து நின்று ஆடும் ‘பத்தின்தேரோ’ ஒன்று. எல்லாவற்றிலும் மேலாக, ‘சுங்கா’ என்பது நம் பல்லாங்குழியேதான். மரப்பலகையில் பக்கத்திற்கு ஏழு குழிகள், ஆடுவதற்குச் சோழிகள். வேறுபாடு யாதெனில், அவர்கள் பலகையின் இரு தலைப்பிலும் பெருங்குழி ஒவ்வொன்று உண்டு; வென்ற சோழிகளை அதிற் சேர்ப்பர். நம்மிடம் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுப்பதுபோல் அங்கு இல்லை. மூத்தோர் எதிர்ப்பட்டால் அவர் கையைப் பற்றித் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வதும், அண்ணனையும் அக்காளையும் பெயர் சொல்லாது ‘கூயா’, ‘ஆத்தே’ என்றே விளிப்பதும் அவர்கள் மரபு. பெரியோரிடம் பேசும்போது சொல்லின் ஈற்றில் ‘போ’ என்று சேர்ப்பது மரியாதையாம்! நம் ஊரில் அப்படிச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அப்பெண் விளக்கிச் சொன்னாளாம்.

மற்றொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சாப்பிட அடம் பிடித்தால், “பும்பாய் வருகிறான், சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான்” என்று சிறுவரை அச்சுறுத்துவார்களாம். பும்பாய் என்பது பம்பாய். இந்தியர் அனைவர்க்கும் அங்கு அதுவே பெயர். ஐந்து கொடுத்து ஆறாகத் திரும்பப் பெறும் வட்டித் தொழிலை நம் பஞ்சாபியர் சிலர் அங்கு நடத்தி வந்தனர். நாம் பூச்சாண்டியைக் காட்டிச் சோறூட்டினோம். அவர்கள் நம்மையே பூச்சாண்டியாக்கிவிட்டனர்.

இத்தகைய வாழ்வின் நடுவேதான் 1972 செப்டம்பர் 23ஆம் நாள் வந்தது. அன்று சனிக்கிழமை. அம்மையார்க்கு அப்போது வயது ஏழு. காலையில் வானொலியைத் திருப்பினால் ஓசையில்லை. அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் படமில்லை, இரைச்சல்தான் இருந்தது. செய்தித்தாளும் வரவில்லை. பெரியவர்கள் தெருவில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். அன்று மாலை அதிபர் பெர்டினான்ட் மார்க்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, நாடெங்கும் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அறிவித்தார். ஆணையில் இடப்பட்ட தேதி 21. மக்கள் அறிந்தது 23. நள்ளிரவு முதல் விடியற்காலை நான்கு மணி வரை ஊரடங்கு. மீறியோர் பிடிபட்டால் புல் பறிக்க வேண்டும். நீள்முடி வளர்த்த இளைஞரின் முடி கத்தரிக்கப்பட்டது. பள்ளிகளில் ‘புதிய சமுதாயம்’ பற்றிய பாடலைப் பிள்ளைகள் பாடினர். மெட்டு நல்ல மெட்டு என்றும், இன்றும் தம்மை அறியாமல் வாய் முணுமுணுக்கும் என்றும் அம்மையார் சொன்னார்.

பள்ளியில் ‘நியூட்ரிபன்’ என்றொரு ரொட்டி கொடுப்பார்கள். அமெரிக்க உதவியாக வந்த மாவும் பாற்பொடியும் கொண்டு, ஒன்றில் 500 கலோரி இருக்கும்படி செய்யப்பெற்றது அது. கல்லைப் போல் கடினம். எறிந்தால் மண்டை உடையும் என்று கேலி பேசுவார்களாம். ஆயினும் அத்தலைமுறையினர் எவரைக் கேட்டாலும் அதன் மணத்தைச் சொல்லாதவர் இல்லை. 1972ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது இந்த ரொட்டிப் பைகள் மீது அதிபரின் துணைவியார் இமெல்டாவின் பெயர் பொறிக்கப்பட்டு வந்தது. வெள்ளத்தால் விளைச்சல் கெட்டு, மறு ஆண்டு அரிசிக்கு வரிசையில் நின்றனர். மக்காச்சோளம் கலந்த அரிசியை உண்டனர். அதன் பின்னரே ஏக்டேருக்கு 99 மூட்டை நெல் என்ற குறிக்கோளோடு ‘மசகானா 99’ திட்டம் 1973இல் வந்தது. நாம் ‘ஐ.ஆர். எட்டு’ என்று அறிந்த நெல், மணிலாவுக்குத் தெற்கே லோஸ் பான்யோஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து 1966இல் வெளிவந்ததே. அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் 1982 முதல் 1988 வரை நம் எம்.எஸ்.சுவாமிநாதன் இருந்தார். அங்கு ரொட்டி தின்ற பிள்ளைகளும், இங்கு அந்த மோட்டா அரிசியைக் குறைகூறிக்கொண்டே உண்டு வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காலத்தவர்.

1978 மே மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மணிலாத் தெருக்கள் வெறிச்சோடின. ‘வோல்டஸ் ஐந்து’ என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடர் அந்நேரத்தில் ஒளிபரப்பாகும். ஐவர் ஓட்டும் ஐந்து ஊர்திகள் ஒன்றிணைந்து ஓர் இயந்திர வீரனாகிப் பகைவரோடு பொரும் கதை. பகைவரின் உலகில் கொம்புடையோர் பிரபுக்கள், கொம்பில்லாதோர் அடிமைகள். அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்து மன்னனை வீழ்த்துவதே முடிவு. அம்முடிவைப் பிள்ளைகள் காணவில்லை. இறுதிச் சில பகுதிகளே எஞ்சியிருந்தபோது, 1979 ஆகஸ்டில், வன்முறை மிகுந்தது என்று காரணம் கூறி அரசு அத்தொடரையும் அது போன்ற பிறவற்றையும் தடை செய்தது. உலகெங்கும் குழந்தைகள் ஆண்டு கொண்டாடப்பெற்ற ஆண்டும் அதுவே! எதற்கும் தெருவில் இறங்காத ஒரு தலைமுறை, அரசு என்பது தம் வீட்டுக்குள்ளும் கைநீட்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தது என்று இன்று பலர் சொல்கின்றனர். விடுபட்ட முடிவு திரையரங்குகளுக்கு வந்தது 1999இல். அம்மையார் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று பார்த்தாராம். பிள்ளைகள் பாதியில் உறங்கிவிட்டனர்; தாம் அழுதுகொண்டிருந்ததாகச் சொன்னார்.

அத்தொடரைத் தம் தந்தையோடு ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை. 1977இலேயே தந்தை பட்டறை வேலையை விட்டுச் சவூதி அரேபியாவுக்குச் சென்றுவிட்டார். 1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியே தொழிலாளரை வெளிநாடுகட்கு அனுப்புவதை அரசே ஒழுங்குபடுத்தி ஊக்குவித்தது; எண்ணெய் விலை ஏறிய பின் வளைகுடாவில் வேலைக்குப் பஞ்சமில்லை. கடிதம் எழுத நேரமில்லாதவர்கள் காசெட் நாடாவில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். வீட்டார் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். அதே நாடாவில் தங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். ஆகவே ஒருவர் குரல் மேல் மற்றவர் குரல் பதிந்து, பழையது அழிந்துவிடும். தந்தையின் குரலாக இன்று அவரிடம் இருப்பது ஒரே ஒரு நாடாவாம்.

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். அம்மையாரின் அண்ணன் அமெரிக்காவில் வாழ்கிறார். எழுபதுகள் பொற்காலம் என்பது அவர் கட்சி: தெருக்கள் தூய்மையாக இருந்தன, ஒழுக்கம் இருந்தது, 1975இல் முகமது அலியும் பிரேசியரும் மோதியது எங்கள் ஊரில்தானே என்பார். அவ்வாறு எண்ணுவோர் பலர். மார்க்கோஸின் மகன் 2022இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதில் அவ்வெண்ணத்திற்கும் பங்குண்டு. தங்கையோ அதற்கு இசையவில்லை. அடுத்த வீட்டில் ஒரு கல்லூரி மாணவர் இருந்தார். இவர்களுக்குப் பட்டம் கட்டித் தருவார். அவரை ‘கூயா’ என்றே அழைப்பார்கள். ஒரு நாள் வீடு திரும்பவில்லை. அவர் எங்கே என்று கேட்ட சிறுமியைத் தாய் வாய்பொத்தி உள்ளே அழைத்துச் சென்றாள். அதன்பின் அப்பெயரைத் தெருவில் எவரும் சொல்லவில்லை. மார்க்கோஸ் 1986இல் நாட்டைவிட்டு நீங்கிய பின்னரே அவரைப் படைவீரர் பிடித்துச் சென்றனர் என்பதை இவர் கேள்வியுற்றார். இராணுவச் சட்டக் காலத்தில் ஏறத்தாழ 70,000 பேர் சிறைப்பட்டனர் என்றும், 3,240 பேர் கொல்லப்பட்டனர் என்றும் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் கூறுகிறது. தெற்கே ஹோலோ நகரம் 1974 பிப்ரவரியில் போரில் எரிந்தது. அங்கு வளர்ந்த பிள்ளைகட்கு எழுபதுகள் என்றால் அந்நெருப்பே நினைவு. 2013இல் ஒரு சட்டம் இயற்றி, அரசு 11,103 பேரைப் பாதிக்கப்பட்டோராக ஏற்று ஈட்டுத்தொகை வழங்கிற்று. அந்த மாணவரின் தாய் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்; அவருக்காக விண்ணப்பம் எழுதுவார் யாரும் இல்லை.

“அண்ணன் சொல்வது பொய்யா?” என்று கேட்டேன். பொய்யில்லை, அந்த ரொட்டியை நானும் அவனும் பங்கிட்டுத் தின்றோம், அது நன்றாகத்தான் இருந்தது என்றார். சற்றுப் பொறுத்து, பட்டம் கட்டித் தந்தவரையும் சேர்த்து நினைத்தால் தவறென்ன என்று மட்டும் கேட்கிறேன், அதற்குத்தான் அவன் தொலைபேசியை வைத்துவிடுகிறான் என்றார்.

கூடத்தில் இன்றும் ஒரு பழைய சுங்காப் பலகை இருக்கிறதாம். அம்மாணவரின் தாய், அம்மையாரின் திருமணத்தின்போது பரிசாக அளித்தது. நம் பெண் மாலை வேளைகளில் அதில்தான் அவரோடு ஆடுகிறாள், பெரும்பாலும் தோற்கிறாளாம். விடுமுறைக்கு வரும்போது அதைப் போன்று ஒரு பலகையைக் கடையில் வாங்கி வந்திருக்கிறாள். ஆண்டு விழாவன்று மாலை, அரங்கின் வாயிலில் நம் பல்லாங்குழிப் பலகையும் அதுவும் அருகருகே வைக்கப்பெறும். ஆட விரும்பும் சிறார்க்கு அவளே விதிமுறைகளைக் கற்பிப்பாள். சோழிகள் போதாமையால் புளியங்கொட்டை கொண்டு வருவோர் முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லிவிடுதல் நலம்.