பாகூர்க் கள்ளும் பிரெஞ்சு எல்லையும்

ஜப்பானில் ஊருக்கு ஊர் தனி சாக்கே உண்டு. பயணம் போகிறவர்கள் அந்தந்த ஊர்ப் புட்டியை வாங்கிவந்து வீட்டில் நிதானமாக ருசி பார்க்கிறார்கள். அரிசியில் ஊறிய அந்த மதுவைச் சூடுகாட்டி அடைப்பதால் அது கெடாமல் ஊர் தாண்டுகிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சொந்த மதுவான கள்ளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விடியலில் இறக்கும்போது தித்திக்கும். உச்சிவெயிலுக்குள் புளிப்பு ஏறும். மறுநாள் காடியாகத் தொடங்கிவிடும். குடிக்க வேண்டுமானால் மரம் நிற்கும் ஊருக்கே போயாக வேண்டும். கள்ளின் வரலாற்றைத் தீர்மானித்ததும் இந்தக் குணம்தான் என்பேன். புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் பக்கத்துத் திராட்சை மது வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கடல் தாண்டி வந்த மதுவுக்கு மண்ணில் சாட்சி இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பனையில் இறங்கிய கள்ளுக்கோ வரிக்கணக்குதான் சாட்சி: பல்லவர், சோழர் சாசனங்கள் சொல்லும் ஈழம்பூட்சி, கள் இறக்குவோர் கட்டிய வரி.

பயணப்படாத பொருளை எல்லைக்கோடு ஒன்று எளிதில் வாழவைக்கும், எளிதில் அழிக்கவும் செய்யும். ஆற்காட்டு நவாப் சந்தா சாகிப் 1749இல் வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தபோது கள்ளைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியபோது, கடலூர் கிராமங்களோடு பின்னிக்கிடந்த இந்தப் பிரெஞ்சு மண்ணில் கள்ளுக்கடை திறந்தே இருந்தது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் புதுச்சேரியின் கலால் சட்டம் தனியாகவே நின்றது. தமிழ்நாடு 1971இல் கடைகளைத் திறந்தது, சில ஆண்டுகளில் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளையும் சாராயத்தையும் தடை செய்தது. ஒரே மண், ஒரே பனை. வரப்புக்கு இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் குற்றம்.

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் மலிவுச் சரக்குக்காக வருகிறார்கள், ருசிக்காக அல்ல என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை. வில்லியனூர் அரியபாளையத்தில் அரசு வடிசாலை இருக்கிறது. ஆனால் ஆலை ஸ்பிரிட்டில் ஆகும் சாராயத்துக்கு ஊர் மணம் கிடையாது. அதையும் கள்ளையும் ஒரே கலால் கணக்கில் கட்டியதுதான் பிழை. குடி குடும்பத்தைக் கெடுக்கிறது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. நாள்கூலி கடையிலேயே கரைவதையும், கள்ளில் கலப்படம் சேர்வதையும் பார்த்தவர்கள் சொல்வதை ஒதுக்க எனக்கு மனம் வராது. ஆனால் 1987இன் தடை போதையை அளந்து விதிக்கப்பட்டதல்ல. நான்கைந்து சதவீத ஆல்கஹால் உள்ள கள் போயிற்று. அதைப்போல் பல மடங்கு காரமுள்ள பிராந்தி புட்டியில் தங்கிவிட்டது. குடும்பத்தைக் காப்பதே நோக்கமென்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

புதுச்சேரி அரசும் கள்ளை மதித்துக் காத்ததாகச் சொல்ல முடியாது. கடையை ஏலம் விட்டது, வருவாயைப் பார்த்தது. ஜப்பானில் சாக்கே வடிக்கும் தலைமைத் தொழிலாளிக்குத் தனிப் பெயரும் மரியாதையும் உண்டு. இங்கே எந்தப் பாளையை எப்போது சீவுவது, கலயத்தில் சுண்ணாம்பு எவ்வளவு தடவினால் பதநீராக நிற்கும், தென்னங்கள்ளுக்கும் பனங்கள்ளுக்கும் ருசி எங்கே பிரிகிறது என்பதெல்லாம் மரமேறிகளின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஏலத்தொகையைப் பேசும் அரசாணையில் அந்த அறிவுக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படுவதில்லை.