குளிர்முறைச் சாலை மறுசுழற்சி

தேய்ந்த தார்ச்சாலையைப் பெயர்த்துப் பொடித்து, அந்தப் பொருளைச் சூடேற்றாமல் சிறிதளவு தாரும் நீரும் சேர்த்துக் கலந்து, மீண்டும் சாலையின் அடித்தளமாக இறுக்கும் முறை. கலவையை ஆலையில் தயாரிப்பதும் உண்டு. சாலை மீதே இயந்திரத்தை ஓட்டி முடிப்பதும் உண்டு. அடித்தளம் உலர்ந்தபின் மேலே மெல்லிய தார் அடுக்கு போடப்படும். கருங்கல் கிடைக்காத நிலப்பகுதிகளில் இம்முறைக்குத் தனி மதிப்பு உண்டு. காவிரிக் கழிமுகக் கடற்கரையில், மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதியாக அமைந்த காரைக்கால் அத்தகைய இடம்.

நிலமும் கல்லும்

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கி.மீ. அரசலாறு, நாட்டாறு, திருமலைராயன் ஆறு முதலிய காவிரிக் கிளைகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலே இதன் நிலம். தோண்டினால் களியும் மணலும் வரும், கல் வராது. சாலைக்கான ஜல்லி புதுக்கோட்டை, பெரம்பலூர் போன்ற மேட்டு நிலக் குவாரிகளிலிருந்து லாரியில் வந்தாக வேண்டும். கடலோரமாக ஊரைக் கடந்து நாகப்பட்டினம் செல்லும் பெருவழி முன்பு 45ஏ என்றும் இன்று 32 என்றும் தேசிய நெடுஞ்சாலை எண் பெற்றது.

தோற்றம்

பழைய தார்க்கலவையை மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் 1915 அளவில் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது சூடேற்றிய கலவை. குளிர்முறைக்கு அடிப்படையான எமல்ஷன், அதாவது தாரை நுண்துளிகளாக நீரில் மிதக்கவிட்ட திரவம், 1920களில் புழக்கத்துக்கு வந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி தாரின் விலையை உயர்த்தியபின் மறுசுழற்சி பரவலான கவனம் பெற்றது.

நுரைத் தார்

குளிர்முறைக்கு எமல்ஷன் அல்லாத மற்றொரு வழி நுரைத் தார். 1956-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரிப் (இன்று பல்கலைக்கழகம்) பேராசிரியர் லாடிஸ் சான்யி, சூடான தாரில் நீராவியைச் செலுத்தி அதை நுரைக்க வைத்தார். அவரைத் தூண்டியது கல் பஞ்சமே. அயோவாவில் நல்ல ஜல்லி அரிது. காற்று கொண்டுவந்து குவித்த லோயெஸ் என்னும் நுண்மண்ணோ ஏராளம். அந்த மண்ணைச் சாலைக்கு உதவச் செய்யும் வழியைத் தேடியபோது கிடைத்ததே நுரைத் தார். ஆனால் நீராவிக் கொதிகலனைச் சாலையோரம் இழுத்துத் திரிவது எளிதல்ல. 1968-இல் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளை இம்முறையின் காப்புரிமையைப் பெற்று, நீராவிக்குப் பதிலாகக் குளிர்ந்த நீரையே செலுத்தும்படி மாற்றியது. 1990களில், சாலையைப் பெயர்க்கும் உருளையின் கூண்டுக்குள்ளேயே நுரையைப் பீய்ச்சும் இயந்திரங்கள் வந்தன. தென்னாப்பிரிக்கா இதற்கான வழிகாட்டி நூலை 2002-இல் வெளியிட்டு 2009-இல் திருத்தியது.

160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடான தாரில், அதன் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் நீர் செலுத்தப்படுகிறது. நீர் நொடியில் ஆவியாக, தார் 10 முதல் 20 மடங்கு உப்பிச் சில விநாடிகளில் அடங்கிவிடும். ஆய்வகத்தில் 500 கிராம் தாரை எஃகு வாளிக்குள் நுரைக்கவிட்டு, அளவுகோலால் உச்ச உயரத்தைக் குறிப்பார்கள். நுரை அதில் பாதியாக இறங்கும் நேரம் ஸ்டாப்வாட்ச்சில் பதிவாகும். கலத்தல் அந்தக் குறுகிய நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். நுரைத் தார் பெரிய கற்களை மூடிப் பூசுவதில்லை. நுண்துகள்களைப் பற்றி, சிறு சிறு ஒட்டுகளாகக் கற்களை இணைக்கிறது. அதனால் புது ஜல்லியில் செய்த கலவை தார்க்கலவை போலக் கறுப்பதே இல்லை. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உதிராத உருண்டையாக நிற்பதும், உள்ளங்கையில் நுண்ணிய கரும்புள்ளிகள் பதிவதும் நல்ல கலவையின் அடையாளம்.

நுரைத் தார் கலந்த அடுக்கு தளர்ந்த ஜல்லி அடுக்கைப் போல நடந்துகொள்கிறதா, தார் பிணைத்த அடுக்கைப் போல நடந்துகொள்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் கருத்தினர் வண்டித் தடம் அமுங்கிப் பள்ளமாவதையும், மற்றவர்கள் களைப்பால் விரிசல் விடுவதையும் முதன்மைக் குறையாகக் கொள்வர். ஒரு சதவீத அளவில் சிமென்ட் சேர்ப்பது வழக்கம். மிகுந்தால் அடுக்கு விறைத்து வெடிக்கும் என்பர்.

இந்தியாவில்

1934-இல் தோன்றிய இந்தியச் சாலைகள் பேரவை, தார்ச்சாலை மறுசுழற்சிக்கென ஐ.ஆர்.சி. 120 என்னும் நெறிமுறையை 2015-இல் வெளியிட்டது. சாலைத் தடிமனைக் கணக்கிடும் ஐ.ஆர்.சி. 37-இன் 2012, 2018 பதிப்புகளிலும் நுரைத் தார், எமல்ஷன் அடுக்குகள் இடம்பெற்றன. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் உத்தரப் பிரதேசம் பழைய சாலையை முழு ஆழத்துக்கும் பெயர்த்துச் சிமென்ட் கலந்து இறுக்கும் நெருங்கிய முறையைக் கையாண்டது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேலடுக்கை மில்லிங் செய்து, அதாவது இயந்திரத்தால் சுரண்டி, எடுத்த பிறகே புது அடுக்கு போடவேண்டும் என அறிவுறுத்தினார். அடுக்கின்மேல் அடுக்கு ஏறி, தெரு வீட்டு வாசலைவிட உயர்ந்து மழைநீர் உள்ளே புகுவதைத் தடுப்பதே நோக்கம். வேறு ஆட்சிப்பகுதியான காரைக்காலை அந்த அறிவுறுத்தல் கட்டுப்படுத்தாது.

கழிமுகத்துக்குப் பொருந்தும் வகை

கலவை உலர வேண்டியிருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை இப்பணிக்கு ஏற்றதன்று. நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் அடிமண் இளகியிருந்தால் மேலடுக்கை மறுசுழற்சி செய்தும் பயனில்லை. ஆகவே சோதனைக் குழி தோண்டி ஒவ்வோர் அடுக்கையும் பார்ப்பதும் வடிகாலைச் சீர்செய்வதும் முதல் வேலை. அவை சரியாக இருந்தால் ஆதாயம் கணிசமானது. 7 மீட்டர் அகலச் சாலையில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு கிலோமீட்டரில் கிடக்கும் பொருள் சுமார் 2,200 டன். 20 டன் ஏற்றும் லாரிக்கு 110 நடை. கல் விளையாத காரைக்காலுக்கு அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட ஜல்லி. அதை அள்ளிப் பள்ளத்தில் கொட்டிவிட்டுத் தொலைவிலுள்ள குன்றை மறுபடி உடைக்கத் தேவையில்லை.