கதவைத் தாழ் போடச் சொல்லும் குரல்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னை மட்டும் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சித்திக்குத் தெரிய வேண்டாம்டா" என்றுதான் ஆரம்பித்தார்.

பதினோரு நாள் முன்பு ஒரு போன் வந்திருக்கிறது. அவருடைய ஆதாரைக் காட்டி மும்பையிலிருந்து அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாம். லைனை 'மும்பை போலீஸு'க்கு மாற்றினார்கள். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்சுவரில் அசோகச் சின்னம். கதவைத் தாழ் போடு, கேமராவை விட்டு நகராதே, வீட்டில் யாரிடமாவது சொன்னால் அவர்களும் கேஸில் வருவார்கள் என்று மிரட்டல். நாலு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சித்தி கதவைத் தட்டியதற்கு "தலைவலி, படுத்திருக்கேன்" என்று உள்ளேயிருந்தே பதில். 'சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்' என்று நாலு லட்ச ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்.

அவர் சொல்லி முடித்ததும் எனக்கு வேறொரு பழைய குறிப்பு நினைவுக்கு வந்தது. பிரான்சில் முன்பு குற்றவாளியாக இருந்து, பிறகு துப்பறியும் படைக்கே தலைவராகிவிட்ட விதோக் என்பவர், 1830களில் திருடர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்ற மோசடியை விவரிக்கிறார். புரட்சிக் காலத்தில் தப்பியோடிய ஒரு பிரபுவின் வேலைக்காரன் எழுதுவதுபோல வசதியானவர்களுக்குக் கடிதம் வரும். எஜமானரின் தங்கமும் வைரமும் அடங்கிய பெட்டியை உங்கள் ஊர்ப் பக்கம் ஓரிடத்தில் போட்டுவிட்டோம், நான் இப்போது சிறையில் இருக்கிறேன், கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் பங்கு உண்டு. பிரபுவும் பொய், பெட்டியும் பொய். சிறை மட்டும் நிஜம். இந்தக் கடிதங்களை எழுதியவர்கள் உண்மையிலேயே கைதிகள்தான். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்கிறார் விதோக்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதே கதை 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. 1898இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றி எழுதியபோதே இது ரொம்பப் பழைய மோசடி என்றுதான் குறிப்பிட்டது. பிறகு வந்த நைஜீரியக் கடிதங்களும் மின்னஞ்சல்களும் இதே வம்சம். எல்லாவற்றிலும் தவறாமல் வரும் ஒரு நிபந்தனை: யாரிடமும் சொல்லாதே.

இவையெல்லாம் ஆசையைத் தூண்டியவை. போனில் வருபவை பெரும்பாலும் பயத்தைத் தூண்டுகின்றன. 2016 அக்டோபரில் மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் தானே போலீஸ் கால்சென்டர்களைச் சோதனையிட்டது. அங்கிருந்த இளைஞர்கள் அமெரிக்க வரித்துறை அதிகாரிகளாக நடித்து, பாக்கியைக் கட்டாவிட்டால் கைது என்று அமெரிக்கர்களை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். பணத்தைக் கிஃப்ட் கார்டாக வாங்கச் சொல்லி எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். அன்று அமெரிக்காவை நோக்கிப் போன மிரட்டல் இன்று 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நம் வீட்டுக்கே வருகிறது. பழைய கடிதத்தில் கைதி எங்கேயோ இருந்த அந்நியன். இப்போது கைதி போனை எடுத்தவரேதான்.

நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதைச் சொன்னார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸைக்கூட வாட்ஸப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மிரண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் சட்டமா ஞாபகம் வரும்? அதனால் ஒரே ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது. 'வீட்டில் சொல்லாதே, போனை வைக்காதே' என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். உடனே போனை வைத்துவிட்டு வீட்டில் இருக்கிற முதல் ஆளிடம் சொல்லிவிட வேண்டும். பணம் போய்விட்டதா, 1930க்கு அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிச்சம்.

சித்தப்பாவுக்குப் பதினோரு நாள் ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டேன். "ஊருக்கே புத்தி சொன்னவன்டா நான்" என்றார். பிரபுவின் புதையலுக்கு ஆசைப்பட்டவர் வெளியே சொல்லாததில் நியாயம் உண்டு, அவரும் தப்புக்குத் துணைபோனவர். சித்தப்பா எந்தத் தப்பும் செய்யவில்லையே! 'படிச்சவர் போய் ஏமாந்துட்டாரே' என்று நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டார். திருடன் போனை வைத்த பிறகும் அவன் போட்ட தாழ்ப்பாளை நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பேசுகிறவனும் சில சமயம் கைதிதான். வேலை என்று ஏமாற்றி அழைத்துப்போய், மோசடி வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்படுவோர் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணித்தது. மியாவாடியில் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022இல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். விதோக் காலத்தைப் போலவே.

அன்று மாடியிலேயே 1930க்குப் போட்டு புகாரைப் பதிவு செய்தோம். பணம் பல கணக்குகளைத் தாண்டிவிட்டிருந்தது. பிறகு கீழே இறங்கி வந்து சித்தப்பாவே சித்தியிடம் சொன்னார். சித்தி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தலைவலின்னப்பவே நினைச்சேன். உங்களுக்கு என்னிக்குங்க தலைவலி வந்திருக்கு?"