பெயர் மறைத்த பிறப்பு: கைவிடப்பட்ட குழந்தைகளும் பெயரீட்டு மரபும்

பிடோக் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்பு வட்டாரங்களில் சேலை உடுத்தி, பொட்டிட்டு, தடையின்றித் தமிழ் பேசும் சீன முகச்சாயல் கொண்ட மூதாட்டியரைக் காண்பது புதிதன்று. குழந்தைப் பருவத்திலேயே தமிழ்க் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்தம் மகளாகவே வளர்ந்தவர்கள் இவர்களுள் பலர். இத்தகையோருக்கு இடப்பட்ட பெயர்கள் வரலாற்றுச் சான்றாக எவ்வளவு பயன்படும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டிற்குப் போர்த்துகலை நோக்கலாம். அங்கு 1498இல் லிஸ்பனில் தோன்றிய மிசெரிக்கோர்டியா என்னும் அறநிறுவனமும் அதன் வழியமைந்த பிறவும் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணின. 1783இல் ஊர்தோறும் 'ரோடா' எனும் சுழல்பெட்டி அமைக்க ஆணை பிறந்தது. சுவரில் பொருத்தப்பட்ட அப்பெட்டியில் குழந்தையை இட்டுச் சுழற்றினால், இட்டவரின் முகம் உள்ளிருப்போருக்குத் தெரியாது. இவ்வாறு வந்தோரைப் பதிவேடுகள் 'எஷ்போஷ்டோ', அதாவது வெளியில் விடப்பட்டவர், எனக் குறித்தன. சிலருக்கு அதுவே குடும்பப்பெயராயிற்று. இயேசுவின் பெயரையும் புனிதர்களையும் சுட்டும் குடும்பப்பெயர்களும் இடப்பட்டன. எனினும், அவை பக்தியால் பிறரும் ஏற்ற பெயர்களாதலின், அவற்றை உடையோர் அனைவரையும் கைவிடப்பட்டோர் வழியினர் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

சிங்கப்பூரில் 1854இல் பிரெஞ்சுக் கன்னியர் விக்டோரியா தெருவில் மடம் நிறுவினர். அதன் வாயிலில் விடப்பட்ட குழந்தைகள் அங்கு வளர்க்கப்பட்டனர். அவ்வாயில் பின்னாளில் 'நம்பிக்கை வாயில்' எனப் பெயர்பெற்றது. வறுமை, ஆண்மகவு விருப்பம், புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்திற்கு ஆகாள் என்னும் நம்பிக்கை, 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சிக்காலத் துயர் ஆகியன சீனப் பெண்மகவுகள் கைவிடப்பட்டதற்குக் காரணங்களாயின. மடத்தின் வாயிலுக்குச் செல்லாமல் நேரே பிற இனக் குடும்பங்களின் கைகளுக்குச் சென்ற குழந்தைகளும் உண்டு.

தமிழ்க் குடும்பங்களில் இக்குழந்தைகள் பெற்ற பெயர்கள் எவ்வகையிலும் தனித்தவை அல்ல. தமிழரிடையே குடும்பப்பெயர் வழக்கு பெரிதும் இல்லை. தந்தை பெயரே உடன் வரும். ஆகவே, 'இன்னார் மகள்' என்று எழுதிய அளவிலேயே வளர்ப்புமகள் மகளாகிவிடுகிறாள். 1939ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டத்தின்படி முறையாகத் தத்தெடுக்கப்பட்டோர்க்கு ஆவணம் உண்டு. வாய்மொழி உடன்பாட்டில் கைமாறியோர்க்கு அதுவும் இல்லை.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த தமிழ்ப் பெற்றோர், பிறந்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மாள் எனவும், யாசித்துப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை எனவும் பெயரிட்டனர். வேண்டிப் பெற்ற பிள்ளை கைவிடப்பட்டதன் பெயரைத் தாங்குகிறது. உண்மையில் கைவிடப்பட்ட பிள்ளையின் பெயரிலோ அதன் சாயலே இல்லை. முன்னது காலனை ஏமாற்ற. பின்னது ஊராரின் ஏச்சிலிருந்து காக்க. இரண்டும் அன்பின் செயல்களே.

ஆயின், அவ்வன்பு மறைத்ததைப் பெயர்ப்பட்டியலைக் கொண்டு மட்டும் மீட்டெடுக்க இயலாது. 1979இல் தொடங்கிய சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்றுப் பணி காட்டிய வழியில், அம்மூதாட்டியர் இசைந்தால், அவர்தம் நினைவுகளைத் தமிழிலேயே பதிவுசெய்தல் வேண்டும். அவர்கள் முதுமை எய்திவிட்டனர். வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொல்லும் தமிழாசிரியர்களும், குருதி உறவல்லாத கிளைக்கும் அதில் இடமளித்தல் நன்று.